தாமதம் என்று எழுதிய கார்டு

நான் வேலை பார்த்த கண் மருத்துவமனையில் போன மாதம் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு கேமரா வாங்கியிருக்கிறார்கள். குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொண்டால் போதும். சற்றுத் தள்ளி நின்று ஒரு படம் எடுத்தால், இரண்டு கண்ணுக்குள்ளும் போன வெளிச்சம் சரியாகத் திரும்பி வருகிறதா என்று அதுவே சொல்லிவிடுகிறது. அதன் தொடக்க விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டார்கள். இப்போது அங்கே வேலையில் இருக்கும் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, இந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அந்த அனுபவத்தை விழா மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுத வேண்டுமானால், எப்படிக் கண்டுபிடிக்காமல் விட்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அதை மலரில் போடுவார்களா என்று தெரியவில்லை. போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் கிரேஸ். ஆம்பூர்தான் சொந்த ஊர். அப்பா டேனரியில் தொட்டியில் இறங்கித் தோல் ஊறவைக்கிற வேலை செய்தவர். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். எங்கள் வீட்டில் தோல் நாற்றம் அடிக்கும் என்று கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்த மூக்குக்கு அப்படி ஒன்று இருப்பது எப்படித் தெரியும்? கண் பரிசோதனைக்கான இரண்டு வருடப் படிப்பை முடித்து, எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே, அட்டையில் எழுத்துகளைக் காட்டிப் பெரியவர்களைப் படிக்கச் சொல்கிற வேலையில் சேர்ந்தேன். மொத்தம் முப்பத்தொரு வருடம். முதல் எட்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஒன்பதாவது வருடம் டாக்டர் வத்சலா வந்தார். குழந்தைகளின் கண்ணுக்கென்றே தனியாகப் படித்தவர், கும்பகோணத்துக்காரர். வந்த முதல் நாள் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே நடந்து வந்தார். நான், "பத்து நாள்ல பழகிடும் டாக்டர்" என்றேன். அவர் சிரிக்காமல், "பழகிடக் கூடாதேன்னுதான் பாக்கறேன்" என்றார். பெரிய இடத்து அம்மாள் போலிருக்கிறது, நம் ஊரைக் கண்டு மூக்கைப் பிடிக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இரண்டு வருடம் இருந்தது. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதேயில்லை. தப்புச் செய்தால் திட்டமாட்டார். அந்த நோயாளியின் கார்டை எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டு, நான் கண்டுபிடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அதற்குத் திட்டுவதே மேல்.

வராந்தாவின் கடைசியில் இருந்த சிறிய அறையை அவர் கைக்குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிக்கொண்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார். அந்த அறைக்கு அவர் வைத்த சட்டங்களைக் கேட்டு ஆஸ்பத்திரியே சிரித்தது. உள்ளே வரும் தாய் வளையலையும் கொலுசையும் கழற்ற வேண்டும். தலையில் பூ இருந்தால் வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், எனக்கும் அதே சட்டம். பேசக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வேலூர்ப் பக்கத்து வெயிலில் கதவைச் சாத்தி விசிறியையும் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மார்கள் என்னைத்தான் திட்டுவார்கள். டாக்டரைத் திட்ட யாருக்கும் வாய் வராது.

பரிசோதனைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அறையை இருட்டாக்கிவிட்டுக் கைக்கருவியால் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே அடுப்புத் தணல் போலச் சிவப்பாகத் தெரிந்தால் வெளிச்சம் போகும் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் நிழல் விழுந்தால் கண்புரை இருக்கலாம். குழந்தையின் கண்ணுக்கு நடுவில் இருக்கும் பாப்பா சிறிதாக இருந்து சரியாகத் தெரியாவிட்டால், சொட்டு மருந்து விட்டு அது விரியும்வரை காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். மருந்து விடுவது டாக்டரின் வேலை. இது முடிந்த பிறகுதான் மற்றது. குழந்தையை நான் மடியில் வைத்துக்கொள்வேன். தாய் வெளியே போய், வெறுங்காலோடு சத்தமில்லாமல் திரும்பி வந்து ஒரு பக்கமாக நிற்பாள். குழந்தை அவளைப் பார்த்துத் திரும்புகிறதா, சிரிக்கிறதா என்று கவனிப்போம். பிறகு அடுத்த பக்கம் நிற்கச் சொல்வோம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர், "நமக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான் கிரேஸ். அது கண்ணால பாக்கறதா, வேற எதுனாலயாவது பாக்கறதா" என்றார். வேறு எது என்று நான் கேட்கவில்லை. காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு வளையலைக் கழற்றச் சொல்லும்போது எனக்குக் காரணம் புரிந்திருந்தது. விசிறியை நிறுத்துவதும் சத்தத்துக்காக என்று நினைத்தேன். பூவை ஏன் வெளியே வைக்கச் சொல்கிறார் என்பது மட்டும் புரியவில்லை, அவருக்கு மல்லிகை ஆகாது போல என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் என்னைக் கெடுத்தது. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் ஐந்து மாத ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு எதையும் பார்க்கத் தெரியவில்லை. விளக்கைக் காட்டினாலும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரை வரை பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. காது கேட்கிறதா என்று சோதிக்க வைத்தார். மூளை நரம்பு மருத்துவரிடம் அனுப்பி எழுதி வாங்கிவரச் சொன்னார். மூன்றாவது தடவை வந்தபோதுதான், ஒரு குறையும் இல்லை என்று உறுதியான பிறகு, கார்டில் எழுதினார்: பார்வை வளர்ச்சி தாமதம். சில குழந்தைகளுக்கு அப்படித்தான், கண்ணும் நரம்பும் நன்றாகவே இருக்கும், பார்க்கக் கற்றுக்கொள்வது மட்டும் சில மாதம் பின்தங்கும், தானாக வந்துவிடும் என்று அந்தத் தகப்பனுக்கு விளக்கினார். எட்டாவது மாதம் அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று கையை நீட்டி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. தகப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அதற்குப் பிறகு பத்து வருடம் அந்தக் கதையை யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை வரவழைத்து, எல்லாவற்றையும் இல்லை என்று ஆக்கின பிறகே டாக்டர் அந்தச் சொல்லை எழுதினார் என்பதைச் சொல்ல மாட்டேன். அது கதைக்குச் சுவையாக இருக்காது.

டாக்டர் வத்சலா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் ஓர் இளம் டாக்டர் வந்து மதியம்வரை பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரத்தில் அந்தக் கடைசி அறை என் கையில்தான் இருந்தது. சட்டங்களை நான் விடவில்லை. வளையல், கொலுசு, பூ எல்லாம் வெளியே போயின. எனக்கு மரியாதை கூடியது. கிரேஸ் மேடம் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

ரேவதி வந்தது ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம். டாக்டர் போய்விட்டிருந்தார். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில், அதாவது ஷூவின் மேல்பாகத்துத் தோல்களுக்குச் சொல்யூஷன் பசை தடவி ஒட்டுகிற இடத்தில், கான்ட்ராக்டில் வேலை. குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குழந்தையை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த கம்பெனிக் கோட்டோடு அப்படியே வந்திருந்தாள். குழந்தையின் பெயர் ஜனனி. மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. வீட்டில் எல்லோரும் ஒன்றுமில்லை என்று சொன்னார்களாம், மாமியார் சிரித்தாளாம். இவள் யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள்.

"பால் குடிக்க சொல்ல மொகத்த பாக்க மாட்டேன்றா மேடம்" என்றாள். "மேல எங்கியோ பாத்துகினு இருக்கறா. எனக்கு மட்டும்தான் அப்டி தெரியுதா இன்னான்னு புரியல."

வளையலைக் கழற்றச் சொன்னேன், கழற்றினாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கதவைச் சாத்தியதும் வீறிட்டு அழ ஆரம்பித்தது. அந்தத் தாயைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஒரு நாள் போகட்டும் என்று கதவோரம் இருந்த மேஜை விசிறியை ஓட விட்டேன். சத்தம் அதிகம் வராத விசிறிதான், குழந்தைக்கு வேறெதுவும் கேட்டுவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கருவியால் கண்ணுக்குள் பார்த்தேன். அழுத குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டது. பாப்பா ஊசிமுனை அளவு இருந்தது. ஓரத்தில் ஒரு கோடு சிவப்பாகத் தெரிந்தது போலிருந்தது. நடுவில் என்ன என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வா, டாக்டர் மருந்து விட்டுப் பார்க்கட்டும் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சொன்னேன். ரேவதியின் முகம் சுருங்கிவிட்டது. "ஷிப்மென்ட் டைம் மேடம். வெள்ளிக்கெழம லீவு கேட்டா, நீ வீட்லயே இருந்துக்கன்னுடுவாங்க. நான் கான்ட்ராக்ட்டு." நான் யோசித்தேன். சரி, அடுத்ததைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவளை வெளியே போய்ச் சத்தமில்லாமல் திரும்பி வரச் சொன்னேன்.

குழந்தை என் மடியில் அழுகை ஓய்ந்து விசும்பிக்கொண்டிருந்தது. ரேவதி வெறுங்காலோடு வந்தாள். கதவோரம் விசிறிக்கு முன்னால் நின்றாள். காலடிச் சத்தமே கேட்கவில்லை, நான் சத்தியம் செய்வேன். ஜனனி தலையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினாள். வாய் திறந்தது. பிறகு முகம் முழுக்கச் சிரித்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைவிட வேறென்ன வேண்டும்? "தெரியுதா மேடம்?" என்று ரேவதி கேட்டாள். தெரிகிறது என்றேன். சில குழந்தைகளுக்குப் பார்வை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்று சொல்லி, அணைக்கட்டுப் பிள்ளையின் கதையையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வர வேண்டாம், வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கார்டில் எழுதினேன்: பார்வை வளர்ச்சி தாமதம். மூன்று மாதம் கழித்து வரவும். டாக்டர் வத்சலா மூன்று தடவை யோசித்து எழுதின சொல்லை நான் கால்மணி நேரத்தில் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

அவள் மறுபடி வந்தபோது ஜனனிக்கு ஏழு மாதம். சொன்ன நாளுக்கு ஆறு வாரம் தள்ளி வந்தாள். இடையில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கம்பெனியில் லீவு இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, டாக்டர் வெளியே மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேவதி லீவு போட்டிருந்தாள். தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஓயாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தன. பார்வை பதியாத கண்தான் அப்படி ஆடும்.

பயத்தை மறைத்துக்கொண்டு குழந்தையை மடியில் வைத்தேன். அன்று விசிறியை நிறுத்தினேன். ரேவதி வெளியே போய்ச் சத்தமில்லாமல் வந்து நின்றாள். ஜனனி திரும்பவில்லை. அடுத்த பக்கம் நின்றாள், அப்போதும் திரும்பவில்லை. தாயின் முகத்துக்கும் குழந்தையின் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. குழந்தை எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். ரேவதிக்கும் அவளைத் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்ணாடிக்காக வந்தவள், எந்த அறை என்று தெரியாமல் வந்துவிட்டாள். நாங்கள் மூச்சுவிடாமல் இருப்பதைப் பார்த்து அவளும் பேசாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஜனனியின் மூக்கு லேசாக அசைந்தது. தலை அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளிடம் சாய்ந்து சிரித்தாள்.

ரேவதி சிரித்துவிட்டாள். "பாருங்க மேடம், நல்லாவே தெரியுது. புது மொகத்த பாத்துட்டு சிரிக்கறா" என்றாள்.

நான் அந்தப் பெண்ணிடம், "நீங்க எங்கம்மா வேலை செய்றீங்க?" என்று கேட்டேன்.

"ஷூ கம்பெனி மேடம். பேஸ்டிங்ல."

அவள் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். உடம்பில், மே மாதம் ரேவதி போட்டுவந்த அதே மாதிரிக் கோட்டு இருந்தது. நான் அந்தக் கோட்டின் முனையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தேன். அந்தப் பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். சொல்யூஷனும் தோலும் கலந்த வாசனை. அவ்வளவு கிட்டத்தில் வைத்து வலிய இழுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வேறு எந்த ஊர்க்காரி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மே மாதமே கண்டுபிடித்திருப்பாள். டாக்டர் வத்சலா கைக்குட்டையை எடுத்திருப்பார். ஊரில் யாருக்கும் உறைக்காத ஒன்று எனக்கும் உறைக்கவில்லை. குளித்துவிட்டு வந்திருந்த ரேவதியிடம் அன்று அது இல்லை, மே மாதம் இருந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு அதுதான் அம்மா. விசிறி அதை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தது, அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணால் இல்லை.

டாக்டர் வந்தார். மருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் கருவியை வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தணல் இல்லை. இரண்டு கண்ணிலும் நடுவில் சாம்பல் நிறத்தில் புரை, பிறவியிலேயே வந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கோடு சிவப்பு. மே மாதம் நான் பார்த்தது அந்தக் கோட்டைத்தான்.

பிறவிப் புரையைப் பிறந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண் ஒரு ஜன்னல்தான், பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. அது கற்றுக்கொள்கிற மாதங்கள் கொஞ்சம்தான். அந்த மாதங்களில் ஜன்னல் மூடியிருந்தால், பிறகு திறந்து வைத்தும் பெரிய பலன் இல்லை. மே மாதமே எடுத்திருந்தால் முழுப் பார்வை வந்திருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கிற அளவுக்கு வந்திருக்கும். அப்படி வந்த குழந்தைகளை என் கையால் தூக்கியிருக்கிறேன்.

டாக்டர் நிமிர்ந்து ரேவதியைப் பார்த்து, "இத்தனை மாசம் எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சலிப்பாகத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் வந்தாள் டாக்டர், நான்தான் அனுப்பிவிட்டேன் என்று ஒரு வரி. நான் குனிந்து மேஜையில் எதையோ தேடினேன். "மூணு மாசத்துல வர சொன்னாங்க சார். எனக்குத்தான் வர முடில, லேட்டாயிடுச்சி" என்று அவளே சொன்னாள். டாக்டர் தாளில் எழுதிக்கொண்டார்: தாமதமாக அழைத்து வரப்பட்ட குழந்தை. அத்தோடு நிற்கவில்லை நான். அவள் கையிலிருந்த பழைய கார்டை வாங்கி, கிழிந்துவிட்டது, புதிது போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். அது கிழியவில்லை. அவள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். பழையதை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சென்னையில் அறுவை சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டார்கள். ஒவ்வொரு மாதமும் ரேவதி என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளிச்சம் தெரிந்தது, நிறம் கொஞ்சம் தெரிந்தது, முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் தெரிந்தது. கண் ஆடுவது நிற்கவில்லை. இரண்டு வயதிலும் அவ்வளவுதான், மூன்று வயதிலும் அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் ரேவதி, "அன்னிக்கே சொன்ன நாள்ல வந்திருந்தா மேடம்" என்று ஆரம்பிப்பாள். நான், போனதைப் பேசி என்ன பயன் என்பேன். அதைவிடக் கேவலமான பேச்சு என் வாயிலிருந்து வந்ததில்லை. பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். வேலையை விட்டுவிட்டாள், புருஷன் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

நான் தாமதம் என்ற அந்தச் சொல்லை வேறு யார் யார் கார்டில் எழுதினேன் என்று பதிவேடுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவராக வரவழைத்து டாக்டரிடம் காட்டினேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. கிடைத்தவர்களில் யாருக்கும் புரை இல்லை. நெமிலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மட்டும் வேலை தேடி எங்கோ போய்விட்டது, கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலையில் இருந்த கடைசி வருடங்களில் குழந்தை சிரித்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். நாலு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். அப்போதும் ஒரு சால்வை போட்டார்கள்.

இந்தக் கேமரா விழா முடிந்த மறுவாரம், விலாசம் விசாரித்துக்கொண்டு ரேவதி வீட்டுக்குப் போனேன். எனக்கும் வயதாகிறது, சொல்லாமல் செத்துவிடுவேனோ என்று பயம் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. ரேவதி தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற ஷூ மேல்பாகங்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். ஜனனிக்குப் பதினொரு வயது. பார்வையற்றோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். போனைக் கண்ணில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று கேட்டாள். கண் ஆஸ்பத்திரி மேடம் என்று ரேவதி சொன்னதும், சரி என்று சொல்லிவிட்டு வெளியே பக்கத்து வீட்டுக்குச் சுவரைத் தடவிக்கொண்டே போனாள்.

நான் பழைய கார்டை எடுத்து ரேவதி கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விசிறியைச் சொன்னேன், கோட்டு வாசனையைச் சொன்னேன், கார்டை எடுத்துக்கொண்டதையும் சொன்னேன். அவள் ஊசியைத் தோலில் குத்தியபடியே நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் லேட்டா வந்ததால இல்லியா?"

"இல்லம்மா. நீ மொதல்ல வந்தியே, அன்னிக்கு உன்ன வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரச் சொல்லியிருக்கணும். மூணு நாள்ல தெரிஞ்சிருக்கும். நான்தான் மூணு மாசம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் கார்டைத் தரையில் தோல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை.

"ஜனனி அப்பா போறப்ப இன்னா சொல்ட்டு போனாரு தெரியுமா மேடம்?" என்றாள். "ஷூ ஒட்டி ஒட்டி எம் பொண்ணு கண்ணையும் ஒட்டிட்டடின்னு சொல்ட்டு போனாரு. எட்டு வருசம் ஆவுது. நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருக்கறேன். அவருக்கு இப்ப வேற குடும்பம் ஆயிப்போச்சி. அவருகிட்ட இனிமே யாரு போய் சொல்றது?"

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். என்னை மன்னித்ததாக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னாள்.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம். உங்க கையால. இவ பெரியவளாயி ஏம்மா என்ன லேட்டா இட்டுகினு போனன்னு ஒரு நாள் கேப்பா. நான் சொன்னா, அம்மா தப்பிச்சிக்கறதுக்கு சொல்றான்னுதான் தோணும். நீங்க எழுதினா நம்புவா."

அதைத்தான் எழுதுகிறேன். மலருக்கு ஒரு பிரதி, ரேவதிக்கு வேறு பிரதி என்று இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

ஜனனி, இதை உனக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். உனக்குக் கண்ணில் ஏதோ குறை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் உன் அம்மா. வீட்டில் ஒருவரும் நம்பாதபோது, வேலை முடிந்த களைப்போடு, உனக்கு மூன்று மாதம் ஆகும் முன்பே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன் கார்டில் தாமதம் என்று எழுதியது நான், கிரேஸ். அவள் சரியான நேரத்துக்குத்தான் வந்தாள். உன்னைத் திருப்பி அனுப்பியது நான்.